பரிசுக்கு வந்த நிறுவலைப் பூட்டி வைக்காதீர்கள்: இத்தாலியக் கணிதப் பதிப்பகம் ஒன்றுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பக இயக்குநர் அவர்களுக்கும், கணித ஆய்வுப் பரிசின் நடுவர் குழுவினருக்கும்,

இந்த ஆண்டுப் பரிசுக்கு நீங்கள் வெளியிட்ட அறிவிக்கையின் ஒன்பதாம் விதியைப் படித்த பிறகு இதை எழுதுகிறேன். பரிசுக்கு அனுப்பப்படும் ஒவ்வோர் ஆய்வு நூலையும் வெளியிடும் முன்னுரிமை, அது பரிசு பெற்றாலும் பெறாவிட்டாலும், ஐந்து ஆண்டுகளுக்கு உங்களிடமே இருக்கும் என்று அந்த விதி சொல்கிறது. விண்ணப்பிக்கும் முன் அந்த ஆய்வின் எல்லா வடிவங்களையும் ஆர்க்கைவ் (arXiv) போன்ற, ஆய்வுக் கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த இணையக் களஞ்சியங்களிலிருந்து ஆசிரியர் நீக்கிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. சென்ற ஆண்டு வரை இந்த முன்னுரிமைக் காலம் இரண்டு ஆண்டுகளாக இருந்தது. களஞ்சியங்களைப் பற்றி விதிகளில் ஒரு சொல்லும் இருந்ததில்லை. அந்த இரண்டு ஆண்டுக் கட்டுப்பாட்டையே சுமந்து பார்த்தவன் என்ற முறையில், இந்தப் புதிய விதியை என்னால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

இம்மடலின் இத்தாலிய வடிவத்தைப் பதிவுத் தபாலில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். தமிழிலும் வெளியிடுவதற்குக் காரணம், உங்கள் பரிசு எல்லா நாட்டினருக்கும் உரியது என்பதால் இங்கிருந்தும் இளம் ஆய்வாளர்கள் அதற்கு விண்ணப்பிக்கிறார்கள். எதில் கையெழுத்திடுகிறோம் என்பதை அவர்கள் தம் மொழியில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பதிப்பகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. என் வழக்கு விதியோடுதான். விதி மாறினால் எனக்குப் போதும்.

சென்ற மாதம் என் ஆய்வு மாணவி உங்கள் அறிவிக்கையை அச்சிட்டு எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். ஒன்பதாம் விதியைப் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தார். "சார், ஆர்க்கைவில் போட்டதை எடுத்துவிட்டால்தான் அனுப்ப முடியும் போலிருக்கிறது. எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் முன்பு ஓர் இடைவெளி இருந்தது. ஒரு தொடர்வரிசை ஒருங்குகிறது என்பதை நிறுவாமலே அவர் எடுத்துக்கொண்டிருந்தார். நானும் அதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். அந்த இடத்தைச் சுட்டிக்காட்டி, அதை அடைப்பதற்கான வழியையும் ஒன்றரைப் பக்கத்தில் எழுதி அனுப்பியவர், நாங்கள் இருவரும் முன்பின் அறியாத, சிலி நாட்டுக் கணிதவியலாளர் ஒருவர். கட்டுரை ஆர்க்கைவில் ஏறிய பதினோராம் நாள் அந்தக் கடிதம் வந்தது. இன்று அந்த ஆய்வேடு உங்கள் பரிசுக்குத் தகுதியானதாக இருக்கிறது என்றால், அது யாரும் படிக்கக்கூடிய இடத்தில் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். அந்த இடத்திலிருந்துதான் அதை அகற்றச் சொல்கிறீர்கள்.

அகற்றச் சொல்வது நடைமுறையிலும் இயலாத காரியம். 1991இல் தொடங்கப்பட்ட ஆர்க்கைவில் ஒரு கட்டுரையை ஏற்றும்போது, அதைப் பரப்பும் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாத வகையில் ஆசிரியர் அதற்குத் தருகிறார். பின்னர் ஆசிரியர் கட்டுரையை 'விலக்கிக்கொண்டதாக' அறிவிக்கலாம். ஆனால் முன்பு வெளியான வடிவங்கள் யாரும் எடுத்துப் படிக்கும்படி அங்கேயேதான் இருக்கும். ஆகவே என் மாணவி உங்கள் விதிக்கு இணங்கினால் நடக்கக்கூடியது ஒன்றுதான்: அவர் பெயரில் உள்ள சரியான ஒரு கட்டுரையின் மேல் 'விலக்கிக்கொள்ளப்பட்டது' என்ற முத்திரை விழும். எங்கள் துறையில் அந்த முத்திரைக்கு என்ன பொருள் என்று உங்கள் நடுவர்களைக் கேட்டுப் பாருங்கள். நிறுவலில் பிழை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். வேலை தேடும் வயதில் இருக்கும் ஓர் ஆய்வாளர் அந்த ஐயத்தை ஒவ்வொரு தேர்வுக் குழுவின் முன்னும் தனித்தனியாக விளக்க வேண்டியிருக்கும்.

இத்தாலியிலேயே முனைவர் பட்டம் பெற்றவர்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 382ஆம் எண் ஆணையால் முனைவர் பட்டப் படிப்பு ஏற்பட்டபோதே, ஆய்வேட்டின் படிகள் ரோமிலும் புளோரன்சிலும் உள்ள தேசிய மைய நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஏற்பாடும் வந்துவிட்டது. என் ஆய்வேடும் அந்த இரண்டு நூலகங்களிலும் இருக்கிறது. பொது நூலகத்தில் இருக்கும் ஒரு படைப்பை எல்லா இடத்திலிருந்தும் நீக்கிவிட்டேன் என்று ஓர் ஆசிரியர் எப்படிக் கையொப்பமிட்டு உறுதி கூறுவார்? உங்கள் விதி விண்ணப்பதாரரைப் பொய் சொல்ல வைக்கிறது, அதுவும் முதல் பக்கத்திலேயே.

இனி என் அனுபவத்தைச் சொல்கிறேன். திருநெல்வேலியில் முதுகலை முடித்து, இத்தாலியில் திரியெஸ்தே நகருக்கு அருகே மிராமாரேயில் உள்ள பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தில் ஓராண்டு பட்டயப் படிப்பு படித்தேன். பிறகு வட இத்தாலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டம் பெற்றேன். என் ஆய்வு முடிவுறு சுற்றளவு கொண்ட கணங்களை, அதாவது வடிவம் எவ்வளவு ஒழுங்கற்றதாயினும் சுற்றளவு முடிவிலியாகாத புள்ளித் தொகுதிகளைப் பற்றியது. நேப்பிள்சில் ரெனாத்தோ கச்சியோப்போலி தொடங்கி, 1950களில் என்னியோ தெ ஜோர்ஜி உறுதியான அடித்தளம் இட்ட துறை அது. 2017இல் அந்த ஆய்வேட்டை விரித்து 180 பக்க நூலாக்கி உங்கள் பரிசுக்கு அனுப்பினேன். விதிகளில் நடுவில் இருந்த முன்னுரிமை வரியை நான் படித்தேன். பரிசு பெற்றவருக்கு உரியது என்று எண்ணிக் கையெழுத்திட்டேன்.

பரிசு எனக்குக் கிடைக்கவில்லை. அதில் எனக்கு அன்றும் குறையில்லை, இன்றும் குறையில்லை. பரிசு பெற்ற நூல் என்னுடையதைவிடச் சிறந்தது என்பதை அதைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் கிடைக்கவில்லை என்ற செய்திகூட உங்களிடமிருந்து எனக்கு வரவில்லை. பரிசளிப்பு விழாவின் நிழற்படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஏழு மாதங்கள் கழித்து, வேறொரு நாட்டில் நடந்த கோடைப் பள்ளியின் விரிவுரைத் தொகுப்பில் என் நூலின் நான்காம் இயலைச் சேர்த்துக்கொள்ள அதன் தொகுப்பாசிரியர்கள் விரும்பினார்கள். மரியாதைக்காக உங்களுக்கு ஒரு தகவல் அனுப்பினேன். ஒன்பது நாளில் பதில் வந்தது. அதுவரை நான் உங்களிடமிருந்து பெற்ற பதில்களிலேயே விரைவானது அதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு அந்நூலின் எந்தப் பகுதியையும் வேறெங்கும் வெளியிடக் கூடாது என்று அதில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் நீங்களே வெளியிடுவீர்களா என்று கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்றீர்கள். மூன்று முறை நினைவூட்டினேன். இரண்டு ஆண்டுகளும் பரிசீலனையிலேயே கழிந்தன.

அந்த இடைவெளியில் நடந்தது இதுதான். என் நான்காம் இயலின் முதன்மைத் தேற்றத்தை, சற்றே வலுவான வடிவில், வேறு இருவர் தாமாகவே கண்டடைந்து வெளியிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் என்னுடையதைப் பார்த்திருக்க வழியே இல்லை. என் ஆய்வேட்டில் இருந்தது அத்தேற்றத்தின் பழைய, வலுக்குறைந்த வடிவம். திருத்திய வடிவம் உங்கள் அலமாரியில் இருந்தது. இன்று அந்தத் தேற்றம் அவர்கள் பெயரால் மேற்கோள் காட்டப்படுகிறது. அது முறையும்கூட, ஏனென்றால் அவர்களுடையதைத்தான் உலகம் படிக்க முடிந்தது.

இரண்டாம் அனுபவம் பரிசு பெற்ற நண்பர் ஒருவருடையது. அது வேறோர் ஆண்டின் பரிசு. அவர் கேட்டுக்கொண்டதால் அவருடைய நூலின் மெய்ப்பை நானும் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கணிதச் சூத்திரங்களை அச்சுக் கோக்கும் மென்பொருளான லாடெக்கில் அவர் ஒழுங்காக எழுதிக் கொடுத்திருந்த மூலக் கோப்பை உங்கள் அச்சுப் பிரிவு ஏதோ காரணத்தால் வேர்டுக்கு மாற்றி, சூத்திரங்களை மீண்டும் தட்டச்சு செய்திருந்தது. 61ஆம் பக்கத்தில் நின்றுவிட்டேன். 'குறுக்கிய எல்லை' என்று நாங்கள் சொல்லும் கருத்துக்கு எழுதும் குறியில், எல்லைக் குறியின் தோளில் ஒரு சிறு நட்சத்திரம் இருக்கும். அந்த நட்சத்திரம் காணவில்லை. பின்னால் புரட்டினேன், நூல் முழுவதும் ஓர் இடத்திலும் இல்லை.

கணிதம் அறியாதவர்களுக்கு இது ஒரு புள்ளி விடுபட்டது போலத் தோன்றலாம். விளக்கிவிடுகிறேன். ஒரு தளத்தில் இரண்டு ஆயங்களும் விகிதமுறு எண்களாக உள்ள புள்ளிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்த முடியும். முதல் புள்ளியைச் சுற்றி மிகச் சிறிய வட்டு ஒன்று, அடுத்ததைச் சுற்றி அதில் பாதி ஆரமுள்ள வட்டு, அதற்கடுத்ததைச் சுற்றி அதிலும் பாதி என்று வரைந்துகொண்டே போய், எல்லா வட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வோம். இந்தக் கணத்தின் பரப்பு மிகச் சிறியது. தெ ஜோர்ஜியின் பொருளில் அதன் சுற்றளவும் முடிவுறு அளவுதான். ஆனால் அதன் வழக்கமான, இடத்தியல் எல்லை எது என்று பார்த்தால், அந்தக் கணத்துக்கு வெளியே மீதியுள்ள தளம் முழுவதுமே எல்லையாகிவிடுகிறது. எல்லைக்கே முடிவிலாப் பரப்பு! இப்படிப்பட்ட கணங்களிலும் பொருளுள்ள எல்லையைப் பிரித்தெடுப்பதற்காகத்தான் 1955இல் நேப்பிள்சு ஆய்விதழ் ஒன்றில் வெளியான கட்டுரையில் தெ ஜோர்ஜி குறுக்கிய எல்லை என்ற கருத்தைக் கொண்டுவந்தார். நட்சத்திரம் இருந்தால் தேற்றம் உண்மை. நட்சத்திரம் போனால் அதே வாக்கியம் பொய். என் நண்பரின் நூல் அந்த மெய்ப்பின்படியே அச்சாகியிருந்தால், தெ ஜோர்ஜியின் நாட்டில், அவருடைய துறையில், பரிசு பெற்ற நூலொன்றின் ஒவ்வோர் இயலிலும் பொய்யான தேற்றங்கள் அச்சேறியிருக்கும்.

முந்நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நட்சத்திரத்தைச் சிவப்பு மையால் மீண்டும் போட்டோம். இரண்டு வாரங்கள் மாலை நேரம் முழுவதும் அதற்கே போனது. அதன் பிறகு அவருக்கு ஒப்பந்தம் வந்தது: அச்சுச் செலவுக்குப் பங்களிப்பாக, தம் நூலின் 120 படிகளை ஆசிரியரே விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பரிசு அறிவிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இத்தாலியில் கல்வித்துறைப் பதிப்பகங்கள் ஆசிரியரிடமோ அவரது துறையிடமோ இவ்வாறு பங்களிப்புக் கேட்பது வழக்கம் என்பது எனக்குத் தெரியும். மாணவர் குறைந்த துறையில் நூல் விற்பது எவ்வளவு கடினம் என்பதும் தெரியும். ஆனால் பரிசு என்ற சொல்லைப் போட்டு அழைத்துவிட்டுப் பிறகு விலைச்சீட்டை நீட்டுவது எந்த நாட்டு வழக்கத்திலும் பரிசு ஆகாது. பார்சலோனாவில் பெரான் சுன்யேர் இ பலாகேர் நினைவாக வழங்கப்படும் கணித நூல் பரிசைப் பாருங்கள். வென்றவருக்குப் பணமும் தருகிறார்கள், நூலையும் ஒரு புகழ்பெற்ற வரிசையில் வெளியிடுகிறார்கள்.

நீங்கள் அயல்நாட்டை நோக்க வேண்டிய தேவைகூட இல்லை. உங்கள் முன்னோர் பலேர்மோவிலேயே இதை நன்றாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1884இல் ஜோவான்னி பத்திஸ்தா கூச்சியா அங்கே கணித வட்டம் என்ற சங்கத்தைத் தொடங்கினார். சொந்தப் பணத்தைப் போட்டார், அச்சகமும் நடத்தினார். போன்காரே, பொரெல் போன்ற பெரும் கணிதவியலாளர்களின் கட்டுரைகள் அங்கிருந்து வந்த இதழில்தான் வெளியாயின. 1914இல் அவர் மறைந்தபோது அந்த வட்டத்தில் 900க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இத்தாலிக்கு வெளியே வாழ்ந்தவர்கள். சிசிலித் தீவின் ஒரு நகரத்தை உலகக் கணிதத்தின் தபால் நிலையமாக மாற்றியவர் அவர். அவர் பெயரால் வழங்கப்பட்ட பதக்கத்துக்கான போட்டியில் மாக்ஸ் நோதர், போன்காரே, கொர்ராதோ செக்ரே ஆகிய மூவரும் நடுவர்களாக இருந்தார்கள். போட்டிக்கு வந்த ஆய்வுகளில் எதுவும் பதக்கத்துக்குத் தகுதி பெறவில்லை என்று முடிவு செய்து, 1908இல் ரோமில் கூடிய நான்காம் உலகக் கணித மாநாட்டில், ஏற்கெனவே வெளியாகியிருந்த ஆய்வுகளுக்காகப் பிரான்செஸ்கோ செவேரிக்கு அதை அளித்தார்கள். அந்த முடிவு சரியா என்று வாதிக்க இடமிருக்கலாம். ஆனால் நடுவர்கள் யார், எதைப் படித்தார்கள், ஏன் அவ்வாறு முடிவு செய்தார்கள் என்பது நூறாண்டு கழித்தும் எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் அறிக்கை அச்சில் இருக்கிறது. உங்கள் பரிசில் 2017ஆம் ஆண்டு என் நூலைப் படித்தவர் யார், யாராவது படித்தார்களா என்பது இன்றும் எனக்குத் தெரியாது.

ஆர்க்கைவில் முன்பே வெளியானதை மீண்டும் நூலாகப் போட்டால் யார் வாங்குவார்கள் என்று உங்கள் அலுவலகம் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி அது, ஒதுக்கிவிட மாட்டேன். நான் விலை கொடுத்து வாங்கிய கணித நூல்களில் பாதிக்கு மேல் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. ஒழுங்காக அச்சிட்டு, பொருளடைவு போட்டு, பிழை திருத்தி, தைத்துக் கட்டிய நூல் மேசைமேல் இருக்க வேண்டும் என்பதற்காக வாங்கினேன். பதிப்பகம் சேர்க்கும் மதிப்பு அந்த உழைப்பில் இருக்கிறது. அந்த உழைப்பைச் செய்யாமல், மூலத்தை மறைப்பதால் மட்டுமே விற்பனையைக் காப்பாற்றலாம் என்றால், அது நீடிக்காது.

ரஷ்யக் கணிதவியலாளர் பெரெல்மானை எல்லோருக்கும் தெரியும். 2002 நவம்பரிலும் 2003 மார்ச்சிலும் ஜூலையிலும் போன்காரே ஊகம் என்ற நெடுநாள் கணிதப் புதிருக்கான நிறுவலை அவர் மூன்று கட்டுரைகளாக ஆர்க்கைவில் ஏற்றினார். எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. பல நாட்டுக் குழுக்கள் வரிவரியாகப் படித்துச் சரிபார்த்தன. 2010இல் கிளே கணித நிறுவனம் போன்காரே ஊகத்துக்கான பத்து லட்சம் டாலர் பரிசை அவருக்கு அறிவித்தது. அவர் மறுத்தது வேறு விஷயம். அந்தக் கட்டுரைகளை முதலில் ஆர்க்கைவிலிருந்து எடுங்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. உங்கள் விதியின்படி பெரெல்மானால் விண்ணப்பிக்கவே முடியாது. உங்கள் நாட்டிலேயே, பீசாவில், மாறுபாட்டு நுண்கணிதத்துக்கும் வடிவியல் அளவைக் கோட்பாட்டுக்கும் என்று தனியாக ஒரு முன்பதிப்புக் களஞ்சியம், அதாவது இதழில் வெளியாகும் முன்பே கட்டுரைகளை எல்லோரும் படிக்க வைக்கும் களஞ்சியம், நடக்கிறது. அத்துறையில் இத்தாலியில் ஆய்வு செய்பவர்களில் அங்கே ஒரு கட்டுரையாவது ஏற்றாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்களுள் பெரும்பாலோரையும் உங்கள் விதி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

சட்டம் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். நான் வழக்குரைஞன் அல்லன். பொலோஞ்ஞாவில் தொழில் செய்யும் நண்பர் ஒருவர் பிரிவுகளை எடுத்துக் காட்டினார், நானும் படித்துப் பார்த்தேன். இத்தாலியக் குடிமைச் சட்டத்தின் 1341ஆம் பிரிவு, ஒரு தரப்பு முன்கூட்டியே எழுதி வைத்த பொது விதிகளில், மற்றத் தரப்பு மூன்றாமவரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமையைக் கட்டுப்படுத்தும் விதி இருந்தால், அதைத் தனியாகக் குறிப்பிட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டால் ஒழிய அது செல்லாது என்கிறது. உங்கள் ஒன்பதாம் விதி அத்தகையது. படிவத்தின் அடியில் உள்ள ஒரே கட்டத்தில் குறியிட்டால் எல்லா விதிகளையும் ஏற்றதாகிறது என்ற உங்கள் முறை அதற்குப் போதுமா என்பதை உங்கள் வழக்குரைஞர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றொன்று, 2013ஆம் ஆண்டின் 112ஆம் எண் சட்டம். பாதிக்குக் குறையாமல் பொதுப் பணத்தில் நடந்த ஆய்வு பருவ இதழில் வெளியானால், அறிவியல் துறைகளில் பதினெட்டு மாதங்களுக்குள் அது எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அது வகுத்திருக்கிறது. அச்சட்டம் இதழ்க் கட்டுரைகளைப் பற்றியது, நூல்களைப் பற்றியது அன்று என்பதை அறிவேன். ஆயினும் உங்களிடம் வரும் ஆய்வேடுகள் பெரும்பாலும் இத்தாலிய மக்களின் வரிப் பணத்தில் உதவித்தொகை பெற்று எழுதப்பட்டவை. என்னுடையதும் அப்படித்தான். மூன்று ஆண்டுகள் உங்கள் நாடு எனக்குச் சோறு போட்டது. அதற்கு நான் திருப்பித் தரக்கூடியது அந்த ஆய்வு ஒன்றுதான். அதை உங்கள் நாட்டு மாணவர்களே படிக்க முடியாமல் செய்வதற்கு நான் எப்படி ஒப்புவேன்?

இத்தாலிமேல் எனக்குள்ள கடப்பாடு இந்த மடலை எழுத ஒரு காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய திரியெஸ்தே மையத்தின் நூலகத்தில், கடலைப் பார்த்த மேசை ஒன்றில்தான் நான் கணிதம் எழுதக் கற்றேன். வளரும் நாடுகளின் இளம் கணிதவியலாளர்களுக்கு என்று அந்த மையம் ஒரு பரிசு வழங்குகிறது; அது எங்கள் இராமானுஜன் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2005 முதல் வழங்கப்படும் அப்பரிசை 2006இல் சுஜாதா ராமதொரை பெற்றார். அந்தப் பரிசு எவருடைய கட்டுரையையும் எந்தப் பதிப்பகத்துக்கும் எழுதிக் கொடுக்கச் சொல்வதில்லை. இத்தாலியில் கணிதப் பரிசு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம்பியதால்தான் 2017இல் உங்கள் படிவத்தில் தயக்கமில்லாமல் கையெழுத்திட்டேன்.

உங்களிடம் நான் கேட்பவற்றைத் தெளிவாகவே எழுதுகிறேன். ஒன்பதாம் விதியை இந்த ஆண்டின் விண்ணப்பக் காலம் முடிவதற்குள் திரும்பப் பெறுங்கள். வெளியீட்டு முன்னுரிமை பரிசு பெற்ற நூலுக்கு மட்டும், முடிவு அறிவித்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு மட்டும் இருக்கட்டும். அதற்குள் ஒப்பந்தம் ஆகாவிட்டால் உரிமை முழுவதும் ஆசிரியரிடமே இருக்க வேண்டும். களஞ்சியங்களிலிருந்து நீக்க வேண்டும் என்ற வரியை அடியோடு எடுத்துவிட்டு, பரிசு பெற்ற நூலின் ஆசிரியரது முன்பதிப்பு வடிவம் தொடர்ந்து திறந்திருக்கலாம் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

கடந்த ஆண்டுகளில் விண்ணப்பித்துப் பரிசு பெறாதவர்களில் முன்னுரிமைக் காலம் இன்னும் முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும், உங்கள் நூலின்மேல் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஒற்றைப் பத்தியில் கையொப்பமிட்ட கடிதம் அனுப்புங்கள். இதுதான் எல்லாவற்றிலும் அவசரமானது. அவர்களில் இருவரை எனக்குத் தெரியும். ஒருவரது நூல் வேறொரு பதிப்பகத்தில் ஏற்கப்பட்டு, உங்கள் கடிதத்துக்காக மட்டுமே காத்திருக்கிறது.

நடுவர்களின் பெயர்களையும், பரிசு முடிவுக்கான காரணங்களைச் சொல்லும் அறிக்கையையும் ஆண்டுதோறும் வெளியிடுங்கள்; பரிசு பெறாதவர்களுக்கு இரண்டு வரியாவது எழுதித் தெரிவியுங்கள். ஆசிரியர் படிகள் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்குமானால் அதை எண்ணிக்கையோடும் விலையோடும் அறிவிக்கையிலேயே அச்சிடுங்கள், இல்லையேல் கைவிடுங்கள். நூலை ஆசிரியரின் லாடெக் மூலத்திலிருந்தே அச்சுக் கோக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

நடுவர் குழுவினருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். இந்த விதிகளை நீங்கள் எழுதவில்லை என்பதை அறிவேன். ஆனால் உங்கள் பெயரை நம்பித்தான் இளைஞர்கள் நூலை அனுப்புகிறார்கள். ஒன்பதாம் விதி நீக்கப்படும் வரை இந்த ஆண்டுப் படைப்புகளை மதிப்பிடப் போவதில்லை என்று பதிப்பகத்துக்கு எழுதுங்கள்.

என் மாணவியின் கட்டுரை ஆர்க்கைவிலேயே இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை அவர் நிரப்பி என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார். விதிகளை ஏற்பதாகக் குறியிடும் அந்த ஒரே கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. கடைசி நாளுக்கு முந்தைய நாள் வரை உங்கள் பதிலுக்காகக் காத்திருப்போம்.

இங்ஙனம்,
2017இல் உங்கள் பரிசுக்கு விண்ணப்பித்தவர்களுள் ஒருவன்